கையில் வரும் காசிலிருந்தே தொடங்கலாம்: நாணயம் சேர்க்க ஒரு செய்முறை

போன மாதம் எங்கள் தெரு மளிகைக்கடையில் ரெண்டு ரூபாய் மிச்சம் வர வேண்டியிருந்தது. கடைக்காரர் வழக்கம்போல மிட்டாய் பாட்டிலைத் திறந்தார். "அண்ணே, காசாவே கொடுங்களேன்" என்றேன். "யாருப்பா இப்பல்லாம் காசு கேக்குறா?" என்றபடி கல்லாவின் அடியில் துழாவி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பதினொரு மூலை கொண்ட பழைய ரெண்டு ரூபாய். பின்னால் இந்திய வரைபடம், ஆண்டு 1998. பல வருடமாக அந்தக் கல்லாவிலேயே கிடந்திருக்க வேண்டும்.

நாணயம் சேர்க்க வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் முதல் பதில் இதுதான்: மிட்டாய்க்குப் பதில் காசைக் கேட்டு வாங்குங்கள். ஆல்பம், லென்ஸ், விலைப்பட்டியல் எல்லாம் அப்புறம். முதல் மூன்று மாதம் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள்.

முதல் படி: வீட்டுக்குள் தேடுங்கள்

பூஜை அறைத் தட்டு, மண் உண்டியல், அஞ்சறைப் பெட்டி, தையல் மிஷின் டிராயர், பாட்டியின் சுருக்குப்பை. தமிழ் வீடுகளில் காசு ஒளிந்திருக்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசு கிடைத்தால் அதைத் தொடாதீர்கள். அது யாரோ வேண்டிக்கொண்டு வைத்தது. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு, அவர்கள் சரி என்றால் மட்டும் எடுங்கள்.

கிடைத்த காசுகளை அவர்கள் முன்னால் பரப்பி வைத்து, ஒவ்வொன்றையும் என்ன சொல்லி அழைத்தார்கள் என்று கேளுங்கள். நடுவில் துளை இருக்கும் செம்புக் காசை ஓட்டைக் காலணா என்பார்கள். 1943 முதல் 1947 வரை அடித்தது அது. அந்தக் காலத்தில் ஒரு ரூபாய்க்கு 16 அணா. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு 100 நயா பைசா என்று கணக்கு மாறியது. 1964-இல் 'நயா' போய் வெறும் பைசா ஆனது. ஆனால் ரூபாயில் கால் பங்கு என்பதால் 25 பைசா கடைசிவரை நாலணாவாகவும், 50 பைசா எட்டணாவாகவும் நம் வாயில் நின்றுவிட்டன. அணா என்ற நாணயத்தையே பார்க்காத தலைமுறையும் நாலணா என்றுதான் சொன்னது. பெரியவர்கள் சொல்லும் பெயர்களை நோட்டில் எழுதி வையுங்கள். அவை எந்த விலைப்பட்டியலிலும் கிடைக்காது.

இரண்டாம் படி: காசைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் பொழுதுபோக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அவசரப்படாமல் நேரம் கொடுங்கள்.

பூவா தலையா போடும்போது சொல்வோமே, அந்தத் தலைப் பக்கத்தில் நம் நாணயங்களில் அசோகர் தூணின் சிங்கங்கள் இருக்கும். மறுபக்கம் மதிப்பு, படம். இப்போது ஆண்டைத் தேடி, அதற்கு நேர் கீழே பாருங்கள். குட்டியாக ஒரு குறி இருக்கும், அல்லது இருக்காது. அந்தக் காசு எந்த ஊரில் பிறந்தது என்பதை அதுதான் சொல்கிறது.

இந்தியாவில் இப்போது நான்கு நாணயச்சாலைகள் உள்ளன. வைர வடிவம் இருந்தால் மும்பை. ஐந்து முனை நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத். சின்ன வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா. அந்த நாணயச்சாலை 1988-இல்தான் தொடங்கியது, அதனால் அதற்கு முந்தைய காசில் இதைத் தேட வேண்டாம். குறியே இல்லையென்றால் கொல்கத்தா. சென்னையில் இப்போது நாணயச்சாலை கிடையாது. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் காசு அடித்த இடம் ஊர்ப்பெயராக நிற்கிறது: தங்கசாலை.

சில காசுகளில் இந்த நான்கிலும் சேராத குறி வரும். 1985 ஒரு ரூபாயில் ஆண்டுக்குக் கீழே 'எச்' என்ற ஆங்கில எழுத்தைப் பார்த்தால், அது இங்கிலாந்தின் பர்மிங்காமில் அடித்தது. உள்ளூரில் அடிப்பது போதாமல் வெளிநாட்டுச் சாலைகளிடம் கொடுத்து வாங்கிய காலம் அது. 1990களின் கடைசியிலும் அப்படி நடந்தது. நம் ஊர்ச் சந்தையில் புழங்கிய ஒரு ரூபாய் கடல் கடந்து வந்தது என்று தெரியும்போது வரும் சந்தோஷத்துக்கு ஒரு செலவும் இல்லை.

அடுத்து ஒரு சின்ன காந்தம் எடுத்துக்கொள்ளுங்கள். 1992-க்குப் பிறகு வந்த எஃகு ஒரு ரூபாய் காந்தத்தில் ஒட்டும். அதற்கு முந்தைய, 6 கிராம் எடையுள்ள செம்பு-நிக்கல் ஒரு ரூபாய் ஒட்டாது. கனமான பழைய அஞ்சு ரூபாயும் ஒட்டாது. உலோகம் விலையேற ஏற அரசு காசை மாற்றிக்கொண்டே வந்ததைக் காந்தம் உங்களுக்குக் காட்டிவிடும்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். 1990களின் எஃகு ஒரு ரூபாயையும் 2011-க்குப் பிந்தைய ரெண்டு ரூபாயையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டுக்கும் 25 மில்லிமீட்டர் விட்டம், 4.85 கிராம் எடை. பஸ்ஸில் நாம் தடுமாறியதற்குக் காரணம் நம் கண் இல்லை. மதிப்பு ஏறாமலே காசின் உடம்பு ஒரு படி இறங்கிவிட்டது.

மூன்றாம் படி: ஒரு வரிசையைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாவற்றையும் சேர்க்கப் போனால் ஆறு மாதத்தில் ஒரு டப்பா நிறையக் காசு இருக்கும், தொகுப்பு இருக்காது. புதியவர்களுக்குப் பத்து ரூபாயை நான் சொல்வேன். இன்னும் கையில் கிடைக்கிறது, இரண்டு உலோகம், பெரிய அளவு, ஏகப்பட்ட வடிவங்கள். முதல் காசில் 2005 என்று பொறித்திருந்தாலும் 2009-இல்தான் புழக்கத்துக்கு வந்தது. நடுவில் பத்து ரூபாய் செல்லாது என்று கிளம்பிய வதந்தியால் நம் ஊர்க் கடைகள் பலவும் வாங்க மறுத்தன. அதுவரை வெளிவந்த 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே அறிவிக்க வேண்டியிருந்தது. ஜனங்களைக் குழப்பிய அந்த 14 வடிவமும் நமக்கு ஒரு ஆயத்தமான பட்டியல்.

மனசுக்கு நெருக்கமாக வேண்டும் என்றால் தமிழ் தொடர்புள்ள நினைவு நாணயங்கள் உண்டு. 1995-இல் எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டித் திருவள்ளுவர் உருவத்துடன் 1, 2, 5 ரூபாய்கள் வந்தன. காமராஜர் நூற்றாண்டு அஞ்சு ரூபாய் இருக்கிறது. அண்ணா நூற்றாண்டு அஞ்சு ரூபாயில் அவருடைய தமிழ்க் கையெழுத்தே இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டுக்கு அஞ்சு ரூபாயோடு ஆயிரம் ரூபாய் நாணயமும் வந்தது. 100 ரூபாய், 1000 ரூபாய் நாணயங்கள் சில்லறையில் வராது. நாணயச்சாலை முகமதிப்பைவிடக் கூடுதல் விலைக்கு விற்பவை. தொடக்கத்தில் அவை வேண்டாம். திருவள்ளுவர் ஒரு ரூபாய் என்றாவது தானாகக் கையில் வந்து விழும்போது புரியும்.

நான்காம் படி: தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள்

நம் வீடுகளில் பித்தளையும் செம்பும் கறுத்தால் கை தானாகப் புளியைத் தேடும். அப்புறம் விபூதி. குத்துவிளக்குக்கு அது சரி. காசுக்கு அது கேடு.

என் தாத்தா வைத்திருந்த 20 பைசா, தாமரைப் பூ போட்ட 1970 பித்தளைக் காசு, பழுப்பேறி இருந்தது. பத்து வயதில் அதைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் எதுவும் சொல்லவில்லை, விரலால் தாமரையைத் தடவிப் பார்த்தார். இதழ்களின் கோடு மழுங்கிவிட்டிருந்தது. அந்தக் காசு இன்றும் என்னிடம் இருக்கிறது. இன்று லென்ஸில் பார்த்தால் அதன் மேல் முழுக்க நான் போட்ட கீறல்தான் தெரிகிறது.

பல ஆண்டுகளில் காசின் மேல் படியும் அந்த நிறம் அழுக்கு இல்லை, உலோகமே போட்டுக்கொண்ட மேல்தோல். அதை உரித்தால் திரும்ப வராது. சேர்ப்பவர்கள் பார்த்த உடனே கண்டுபிடித்து விலையில் பெரும்பகுதியைக் கழித்துவிடுவார்கள். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போட்டு, தேய்க்காமல், மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காசைப் பிடிக்கும்போதும் விளிம்பைப் பிடியுங்கள். முகத்தில் விரல் பட்டால் வியர்வையின் உப்பு ரேகையாகவே தங்கிவிடும்.

ஐந்தாம் படி: வைக்கும் இடம், எழுதும் நோட்டு

கண்ணாடி போன்ற ஜன்னல் வைத்த அட்டை ஹோல்டர்கள் நாணயக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். மொழுமொழுவென்று வளைகிற, மூக்கைத் துளைக்கும் வாசனை வரும் பிளாஸ்டிக் ஆல்பம் மட்டும் வேண்டாம். அது பிவிசி. சில வருடத்தில் காசின் மேல் பச்சைப் பசை படிய வைக்கும். கடற்கரை ஊர்க்காரர்கள் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலத்துக்கு முன் மாற்றுங்கள்.

நோட்டில் ஒவ்வொரு காசுக்கும் மதிப்பு, ஆண்டு, நாணயச்சாலைக் குறி, எங்கே எப்போது கிடைத்தது என்று நான்கு விவரம் போதும். நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியம். "மளிகைக்கடைக் கல்லா, 2 ரூபாய், 1998, குறி இல்லை, கொல்கத்தா" என்று எழுதிய வரியைப் படித்தால் கடைக்காரர் முகமும் சேர்ந்து வருகிறது.

ஆறாம் படி: விலை கொடுத்து வாங்கும்போது

பழைய அஞ்சு ரூபாய்க்கு லட்சங்கள் தருகிறோம் என்ற விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். பதில் போட்டால் முதலில் கமிஷன் கட்டச் சொல்வார்கள், அப்புறம் வரி என்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்தது. ஒரு பைசாவும் அனுப்பாதீர்கள். அரிசியை இழுக்கும் காசு, 1818 என்று போட்ட ராமர் காசு என்று வருபவர்களிடமும் பேச்சே வேண்டாம். அந்த ராமர் காசுகள் கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிட்டவை அல்ல, பிற்காலத்தில் செய்த வில்லைகள். வெள்ளி ரூபாய் வாங்கினால் எடை போடுங்கள்: பிரிட்டிஷ் இந்திய ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். ஆண்டுக்கணக்கில் கைமாறித் தேய்ந்தது சற்றுக் குறையலாம். நிறையக் குறைந்தாலோ கூடினாலோ வாங்காதீர்கள்.

சட்டத்தையும் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருள் ஆகிவிடும், வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மண்ணைத் தோண்டும்போது 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும்; 1878-ஆம் ஆண்டுச் சட்டம் அது.

விலை சரிதானா என்று யாரிடம் கேட்பது? மெட்ராஸ் காயின் சொசைட்டி போன்ற சங்கங்களில் உள்ளவர்களிடம் கேளுங்கள். பல வருடம் சேர்த்தவர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தயங்குவதில்லை என்பது என் அனுபவம். எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவையும் ஒரு முறை நிதானமாகப் பாருங்கள்.

காசே இல்லாமல் போய்விடுமா?

புதியவர்கள் எல்லோரும் கேட்பது இது. கனடா 2012-இல் ஒரு சென்ட் அடிப்பதை நிறுத்தியது. அமெரிக்கா 2025 நவம்பரில் தன் கடைசிப் புழக்க ஒரு சென்ட்டை அடித்தது. நம்மிடம் 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30-உடன் செல்லாக்காசாகிவிட்டன. 50 பைசா சட்டப்படி செல்லும், கடையில் கொடுத்துப் பாருங்கள், தெரியும். 2016-இல் யுபிஐ வந்தது, இன்று இளநீர்க் கடையிலும் ஸ்கேன் அட்டை தொங்குகிறது. 2022 டிசம்பரில் பொதுமக்களுக்கான டிஜிட்டல் ரூபாயும் சோதனைக்கு வந்தது. அதே சமயம், போனில் ஸ்கேன் செய்தால் சில்லறை கொட்டும் இயந்திரத்தை 12 நகரங்களில் சோதிக்கப்போவதாக 2023-இல் ரிசர்வ் வங்கி சொன்னது. நோட்டைவிடக் காசு பல மடங்கு அதிக நாள் உழைக்கும் என்பதால்தான் இருபது ரூபாயும் 2020-இல் பன்னிரண்டு பக்கக் காசாக வந்தது. ஆகவே, நம் காலத்தில் காசு அடிப்பது நின்றுவிடாது என்றே நினைக்கிறேன். கைமாறுவதுதான் குறைகிறது.

எனக்குக் கவலை அதுதான். கரூரில் 'மாக்கோதை' என்று தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் பொறித்த சேரர் வெள்ளிக் காசுகள் கிடைத்திருக்கின்றன. அமராவதி ஆற்று மணலில் எத்தனையோ சங்க காலக் காசுகளை அரித்து எடுத்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் கை தவறவிட்டதால்தான் அந்த அரசன் பெயர் உலோகத்திலேயே நமக்குக் கிடைத்தது. போனில் அனுப்பும் ரெண்டு ரூபாய் எந்த ஆற்றிலும் விழாது.

கடைசிப் படி: இந்த ஆண்டுக் காசை எடுத்து வையுங்கள்

ஒவ்வொரு ஜனவரியிலும் நோட்டில் ஒரு புதுப் பக்கம் திறங்கள். 1, 2, 5, 10, 20 ரூபாய் கீழே இறங்கட்டும்; மும்பை, ஹைதராபாத், நொய்டா, கொல்கத்தா குறுக்கே வரட்டும். மொத்தம் இருபது கட்டம். எல்லாச் சாலையும் எல்லா மதிப்பையும் ஒவ்வொரு ஆண்டும் அடிப்பதில்லை, அதனால் சில கட்டம் காலியாகவே நிற்கும். புதுக் காசுகள் வந்து சேர ஓரிரு வருடம்கூட ஆகலாம், பக்கத்தை மூடிவிடாதீர்கள். வங்கிக் கிளையில் சில்லறைப் பை கேட்டு வாங்கி, மேசையில் கொட்டி, குறி பார்த்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைக் கடையில் செலவு செய்யுங்கள்.

2023-க்கான என் பக்கத்தில் இன்னும் ஆறு கட்டம் காலி. நாளைக் காலை பால் வாங்கப் போகும்போது மளிகைக்கடை அண்ணனிடம் கல்லாவை இன்னொரு முறை துழாவச் சொல்ல வேண்டும்.