எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 86ஆம் மாடிக்கு முதல்முறையாகப் போகிறவர்களுக்கு

நியூயார்க் போய் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். மேலே ஏறிப் பாருங்கள்.

1. முதலில் நேரம். டிக்கெட்டை இணையத்தில் எடுக்கும்போதே உள்ளே போகும் நேரத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். சூரியன் மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பாக எடுங்கள். பகல், அந்தி, இரவு விளக்குகள் மூன்றையும் ஒரே டிக்கெட்டில் பார்த்துவிடலாம். ஒன்றைக் கவனியுங்கள்: நம் ஊர் போல ஆறு, ஆறரை என்று கணக்கு வைக்க முடியாது. அங்கே ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு எட்டரை ஆகும். டிசம்பரிலோ மாலை நாலரைக்கே மறைந்துவிடும். கூட்டம் பிடிக்காதவர்கள் காலையில் போகலாம்.

2. எந்த மாடி? 86ஆம் மாடி 320 மீட்டர் உயரத்தில் இருக்கும் திறந்தவெளித் தளம். 102ஆம் மாடி இன்னும் உயரம், ஆனால் சுற்றிலும் கண்ணாடி, கட்டணமும் கூடுதல். முதல்முறைக்கு 86 போதும் என்பேன். முகத்தில் காற்று அடிக்க நின்று பார்ப்பதற்கு ஈடு இல்லை. கோடையிலும் ஒரு மேலங்கி கையில் இருக்கட்டும்.

3. வாசல். ஹெரால்ட் ஸ்கொயர் சப்வே நிலையத்தில் இறங்கிக் கிழக்கே கொஞ்சம் நடந்தால் போதும். பார்வையாளர் வாசல் 34ஆவது தெருவில் இருக்கிறது. அதனால் ஐந்தாம் அவென்யூ பக்கத்து லாபியைப் பலர் பார்க்காமலே போய்விடுகிறார்கள். அங்கே சுவரில் இதே கட்டடம் உலோகத்தில் புடைப்புச் சிற்பமாக, உச்சியிலிருந்து கதிர்கள் விரிய நிற்கும்.

4. உள்ளே. விமான நிலையம் போலப் பையைச் சோதிப்பார்கள். கண்ணாடி பாட்டில், ட்ரைபாட் வேண்டாம். அப்புறம் வரும் கண்காட்சியை அவசரமாகக் கடக்காதீர்கள். 1930 மார்ச் 17 அன்று தொடங்கிய வேலை. 1931 மே 1 அன்று கட்டடம் திறந்தாயிற்று. இரும்புச் சட்டங்களின் மேல் ஏறி நின்று வேலை பார்த்தவர்களில் மோஹாக் பழங்குடியினரும் உண்டு. 80ஆம் மாடி வரை ஒரு லிஃப்ட், அங்கே இறங்கி வேறொன்றில் 86.

5. மேலே. வடக்கிலிருந்து சுற்றத் தொடங்குங்கள். நீளமான பச்சைச் செவ்வகம் சென்ட்ரல் பார்க். வடகிழக்கில் பளபளக்கும் கூர்முடி கிரைஸ்லர் கட்டடம்; "உலகிலேயே உயரம்" என்ற பெயரை இந்தக் கட்டடத்திடம்தான் அது இழந்தது. தெற்கே அருகில் முக்கோண ஃப்ளாட்அயர்ன், தொலைவில் கட்டைவிரல் அளவில் சுதந்திர தேவி சிலை. மேற்கே ஹட்சன் ஆறு.

வெயில் சாயும்போது கிழக்குப் பக்கம் வந்து நில்லுங்கள். நீங்கள் நிற்கும் கட்டடத்தின் நிழலே கூரைகளின் மேல் நீண்டுகொண்டு போகும். அது கரைந்ததும் கீழே ஜன்னல்களில் ஒவ்வொன்றாக விளக்கு ஏறத் தொடங்கும்.