புல்தரையில் வெட்டுக்காயப் பூண்டை அடையாளம் காணுதல்

சிறுவர்கள் தலையைச் சுண்டி விளையாடும் தாத்தாப்பூதான் இது. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து நம் வரப்புகளிலும் புல்தரைகளிலும் வேரூன்றிவிட்ட களை. தண்டு தரையோடு படர்ந்து கணுக்களில் வேர்விடும். சொரசொரப்பான, பல்விளிம்புடைய இலைகள் எதிரெதிராக அமையும். ஆனால் ஐயத்தைத் தீர்ப்பது பூவே: ஒரு சாணளவு உயரக்கூடிய மெல்லிய காம்பின் நுனியில் ஒற்றைப் பூங்கொத்து நிற்கும், மஞ்சள் நடுப்பகுதியைச் சுற்றிப் பெரும்பாலும் ஐந்து வெளிறிய இதழ்கள் இருக்கும், ஒவ்வொன்றின் முனையும் மூன்று பற்களாகப் பிளந்திருக்கும்.

கரிசலாங்கண்ணியோடு இதைக் குழப்பிக்கொள்வோர் பலர். அதன் பூக்காம்பு குட்டையானது, வெண்ணிற இதழ்கள் நூல்போல் மெலிந்து எண்ணற்றிருக்கும், இலையைக் கசக்கினால் சாறு சற்று நேரத்தில் கறுக்கும். கீரைக்காகப் பறிப்பவர்கள் இச்சோதனையைத் தவிர்க்கலாகாது. வெட்டுக்காயப் பூண்டின் விதைகள் பஞ்சுபோன்ற மயிர்க்குஞ்சத்துடன் காற்றில் பறப்பதால், பூ முதிருமுன் கணுவேர்களோடு பிடுங்கிவிட வேண்டும்.