எஸ்டியா, எஸ்இயா? கல்லீரல் மெட்டா அனாலிசிஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து ஒரே முடிவாகக் கணக்கிடுவதுதான் மெட்டா அனாலிசிஸ். அதற்குத் தேடல் சொற்களை ஒழுங்காக அமைப்பது, இருவர் தனித்தனியே தரவு எடுப்பது எல்லாம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தருவதுதான். அவற்றை இங்கே விட்டுவிடலாம். கொழுப்புக் கல்லீரல் சிகிச்சைகளைத் தொகுக்கப் புதிதாக வருபவர்கள், முன்னே போனவர்கள் விழுந்த அதே பள்ளத்தில் இன்னும் விழுந்துகொண்டிருக்கிறார்கள்.

± குறிக்குப் பின்னால் இருப்பது எது?

ஆய்வுக் கட்டுரையின் அட்டவணையில் ‘ஏஎல்டி 62 ± 4’ என்று இருக்கும் (ஏஎல்டி என்பது கல்லீரல் பாதிப்பைக் காட்டும் இரத்த நொதி). அந்த 4 திட்டவிலக்கமா (எஸ்டி), திட்டப்பிழையா (எஸ்இ)? எஸ்டி என்பது நோயாளிக்கு நோயாளி உள்ள சிதறல். எஸ்இ என்பது சராசரி எவ்வளவு துல்லியம் என்பதன் அளவு. அடிக்குறிப்பைப் பார்க்காமலே எஸ்டி கட்டத்தில் 4 என்று தட்டிவிடுவார்கள்.

அதன் விளைவைக் கணக்கில் பாருங்கள். குழுவுக்கு 64 பேர், மருந்துக் குழுவில் ஏஎல்டி 10 அலகு குறைவு என்று வைத்துக்கொள்வோம். 4 என்பது எஸ்இ என்றால், எஸ்டி = 4 × √64 = 32. வித்தியாசத்தின் 95% நம்பக இடைவெளி −21.1 முதல் +1.1 வரை. மருந்து வேலை செய்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதே 4ஐ எஸ்டி என்று இட்டால் −11.4 முதல் −8.6! ஆய்வின் எடை 64 மடங்கு கூடி, ஃபிக்ஸட் எஃபெக்ட் மாடலில் (எல்லா ஆய்வுகளும் ஒரே பலனையே அளக்கின்றன என்று கொள்ளும் முறை) மற்ற ஆய்வுகளை விழுங்கிவிடும். ரேண்டம் எஃபெக்ட்ஸ் மாடலில் (பலன் ஆய்வுக்கு ஆய்வு மாறலாம் என்று கொள்ளும் முறை) எடை ஓரளவு சமன்படும். ஆனால் ஆய்வுகளுக்கிடையே உள்ள முரண்பாட்டைக் காட்டும் ஐ-ஸ்கொயர் எகிறும். அதற்கு மருந்தளவு, இனம், சிகிச்சைக் காலம் என்று காரணம் கற்பித்து இரண்டு பக்கம் விவாதம் வேறு எழுதுவார்கள். காரணம் எக்செல் தாளின் ஒரு கட்டத்தில் உட்கார்ந்திருக்கும்.

எஸ்எம்டி (வித்தியாசத்தை எஸ்டியால் வகுத்த எண்) கணக்கிட்டால் இன்னும் மோசம்: −0.31 என்று வர வேண்டியது −2.5 ஆகிவிடும். ஒரு சத்துமாத்திரை ஏஎல்டியை அந்த அளவுக்குக் குறைக்காது. எஸ்எம்டி 2ஐத் தாண்டினாலே மூலக் கட்டுரையைத் திரும்ப எடுங்கள்.

பிடிப்பதற்கு வழி உண்டு. கொழுப்புக் கல்லீரல் நோயாளிகளின் ஏஎல்டி ஆளுக்கு ஆள் மிகவும் மாறும். சராசரி 62, எஸ்டி 4 என்றால் நம்பாதீர்கள். அடுத்து, கட்டுரை தரும் பி மதிப்போடு (மருந்துக்குப் பலனே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) ஒத்துப்பாருங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் எஸ்டி 32 என்றால் டி மதிப்பு (வித்தியாசம் ÷ அந்த வித்தியாசத்தின் எஸ்இ) 10 ÷ 5.66 = 1.77, பி ஏறக்குறைய 0.08. எஸ்டி 4 என்றால் டி மதிப்பு 14. கட்டுரையில் 0.08 என்றிருந்தால் அந்த 4 எஸ்இதான். நம்பக இடைவெளி மட்டும் கொடுத்திருந்தால், மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லையைக் கழித்து, √n ஆல் (n குழுவில் உள்ளோர் எண்ணிக்கை) பெருக்கி, 3.92 ஆல் வகுங்கள். இது ஒரு குழுவின் சராசரிக்கு உரிய சூத்திரம். இரு குழுக்களின் வித்தியாசத்துக்கு அப்படியே போடக் கூடாது. சின்ன ஆய்வுகளில் 3.92க்குப் பதிலாக டி பரவலின் எண் வேண்டும்.

ஒரே பிளாசிபோ, இரண்டு வரிசை

2010இல் வெளியான பிவென்ஸ் என்ற கொழுப்புக் கல்லீரல் மருந்து ஆய்வில் 247 பேர்: வைட்டமின் ஈ 84, பயோகிளிட்டசோன் 80, பிளாசிபோ (மருந்தில்லாத போலி மாத்திரை) 83. இரு மருந்துகளையும் ஒரே ஃபாரஸ்ட் ப்ளாட்டில் (ஆய்வு முடிவுகளை வரிசையாகக் காட்டும் வரைபடம்) தனித்தனி வரிசையாக வைத்துக் கூட்டினால் அந்த 83 பேர் இருமுறை எண்ணப்படுவார்கள். அவர்களை 41, 42 என்று பிரித்துக்கொள்ளுங்கள். சராசரியும் எஸ்டியும் அப்படியே இருக்கட்டும். தலைக்கணக்கு மட்டும் பிரியும். ஆம்/இல்லை முடிவுகளில் நிகழ்வுகளின் எண்ணிக்கையையும் பிரிக்க வேண்டும்.

28 நாளா, 90 நாளா?

28 நாள் இறப்பையும் 90 நாள் இறப்பையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். கடும் மது ஹெபடைட்டிஸில் 11 ஆய்வுகளின் 2,111 நோயாளிகளைத் தனித்தனித் தரவாகத் தொகுத்த 2018 மெட்டா அனாலிசிஸில், ஸ்டீராய்டு 28 நாளுக்குள் இறப்பைக் குறைத்தது. அதற்குப் பிறகு பலன் தெரியவில்லை.

அலகு

ஒரே அளவை ஆய்வுகள் வெவ்வேறு அலகில் தரலாம். பிலிருபின் 1 மி.கி./டெசி லிட்டர் = 17.1 மைக்ரோமோல்/லிட்டர். தரவு எடுக்கும் தாளிலேயே அலகுக்குத் தனி நெடுவரிசை விடுங்கள்.

ஃபனல் ப்ளாட்

சிறு ஆய்வுகளின் சாதகமற்ற முடிவுகள் வெளிவராமல் போயினவா என்று பார்க்க வரையும் படம் இது. பத்து ஆய்வுகூட இல்லையென்றால் வரையாதீர்கள்.