வீட்டிலேயே 200 குதிரைத்திறன் டர்போ கார்: திருகோணமலை வெயிலுக்கு ஏற்ற செய்முறை

டர்போ கார் கட்ட ஆசைப்படும் தம்பிமார் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்த டர்போ வாங்கலாம் அண்ணா?" என்றுதான். என் பதில் எப்போதும் ஒன்றே: டர்போவைக் கடைசியாக வாங்குங்கள். எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பது பெரிய காரியமில்லை. அந்தக் காற்றுக்கு ஏற்ற பெற்றோலைக் கொடுப்பது, அதனால் பிறக்கும் சூட்டை வெளியேற்றுவது, ஓடுகிற காரை நிறுத்துவது, இவைதான் உண்மையான வேலை. இந்த மூன்றையும் முடித்துவிட்டு டர்போவைப் பூட்டினால் கார் வருடக்கணக்கில் ஓடும். டர்போவில் தொடங்கினால் முதல் மாதமே பிஸ்டன் போய்விடலாம்.

திருகோணமலையில் இன்னும் கவனம் தேவை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் சூடு 35 பாகையைத் தாண்டிப் போகும். வருடம் முழுக்க உப்புக் காற்று வேறு. குளிர் நாட்டில் இருப்பவர் காணொளியில் காட்டும் அளவுகளை அப்படியே இங்கே வைத்தால் சரிவராது.

நமது இலக்கு 200 குதிரைத்திறன். 850 கிலோ அளவுள்ள சின்னக் காரில் அது மிகப் பெரிய பலம். முதல் கார் கட்டுபவர் அதற்கு மேல் போக வேண்டாம்.

படி 1: காரும் எஞ்சினும்

தொழிற்சாலையிலேயே டர்போவோடு பிறந்த எஞ்சினை எடுங்கள். டர்போ இல்லாத எஞ்சினுக்கு டர்போ பூட்டுவது முடியாத காரியமல்ல, ஆனால் அது இரண்டாவது காரில் செய்ய வேண்டியது. நான் உதாரணத்துக்கு எடுப்பது டொயோட்டா ஸ்டார்லெட் ஈபி82. அதன் ஜீடி வகையில் வந்த 4ஈ-எஃப்டிஈ எஞ்சின் 1331 சிசி, 135 குதிரைத்திறன், கம்ப்ரஷன் விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பது) 8.2. டர்போ இல்லாத அதன் சகோதர எஞ்சினில் இந்த விகிதம் 9ஐத் தாண்டும். குறைந்த கம்ப்ரஷன் என்றால் பூஸ்ட், அதாவது டர்போ திணிக்கும் காற்றின் கூடுதல் அழுத்தம், ஏற்ற இடம் இருக்கிறது என்று அர்த்தம்.

எஞ்சின் தேடிப் பெரும்பாலும் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குத்தான் போக வேண்டியிருக்கும். தனி எஞ்சினாக வாங்காமல் ஹாஃப் கட் (வெட்டி எடுத்த காரின் முன் பாதி) ஆகவே எடுங்கள். வயரிங், ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), கியர்பொக்ஸ், கிளட்ச், ரேடியேட்டர் எல்லாம் ஒரே காரிலிருந்து வரும். வயரை வெட்டி எடுத்த எஞ்சின் மலிவாகக் கிடைக்கும், ஆனால் மிச்சம் பிடித்த காசு வயரிங் வேலையிலேயே கரைந்துவிடும்.

கார் உடலைப் பார்க்கும்போது பெயின்டைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள். கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு, முன் ஷொக் அப்சோபர் பூட்டும் இடம், காலடித் தகடு, இந்த மூன்றையும் ஸ்க்ரூ ட்ரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள். கடற்கரையோரம் ஓடிய காரில் வெளியே பளபளப்பாக இருக்கும் தகடு உள்ளே பிஸ்கட்டாக நொறுங்கும். ஷொக் அப்சோபர் இடத்தில் துரு இருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

எஞ்சின் மாற்றினால் அதன் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் உள்ளதோடு ஒத்துவராது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதியாமல் ஓட்டினால் வீதிச் சோதனை, காப்புறுதி, பின்னர் விற்பனை என்று எல்லா இடத்திலும் மாட்டுவீர்கள். வாங்கும்போதே எஞ்சினின் இறக்குமதிக் கடிதங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 2: எஞ்சின் நலமா என்று பார்த்தல்

இதற்கு வேண்டியது ஒரு கம்ப்ரஷன் மீட்டர் மட்டும். எஞ்சினைச் சூடாக்கி நிறுத்துங்கள். பெற்றோல் பம்ப் பியூஸைக் கழற்றுங்கள், இக்னிஷனையும் துண்டியுங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒரு துளையில் மீட்டரைப் பூட்டி, ஒருவர் அக்சிலேட்டரை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றட்டும். முள் மேலே ஏறி நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இதையே மற்ற மூன்றுக்கும் செய்யுங்கள்.

தனி அளவைவிட நான்குக்கும் இடையிலான வித்தியாசமே முக்கியம். அது 10 வீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்தத் துளைக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். எதுவானாலும், அதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். பூஸ்ட் பலவீனத்தைத்தான் முதலில் தேடிப் பிடிக்கும்.

எஞ்சின் நல்லதென்றாலும் டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், எல்லா ஒயில் சீலும் புதிதாகப் போடுங்கள். எஞ்சின் வெளியே இருக்கும்போது செய்தால் ஒரு மத்தியான வேலை.

படி 3: நிறுத்தம்

முன் டிஸ்க், நல்ல பேட், புதிய பிரேக் ஹோஸ், புதிய டொட் 4 திரவம், நல்ல ரயர். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், நம்மூர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. திறந்து வைத்த போத்தலைப் பயன்படுத்தாதீர்கள். கந்தளாய் தாண்டி ஹபரணைக் காட்டு வீதியில் இரவில் யானை குறுக்கே வருவது யாவரும் அறிந்தது. 135 குதிரைத்திறனில் ஓடிய கார் 200க்குப் போகும்போது அதே பிரேக் போதாது.

படி 4: சூடு

இங்கே ஒரு சின்னக் கணக்கு. வெளியே 33 பாகை என்று வைப்போம். 1 பார் பூஸ்ட் என்றால் டர்போ காற்றின் அழுத்தத்தை இரண்டு மடங்காக்குகிறது. எந்த வாயுவையும் அழுத்தினால் சூடேறும். 70 வீதத் திறனுள்ள டர்போவில் அந்தக் காற்று ஏறத்தாழ 130 பாகையில் வெளியே வரும், அதாவது கொதிநீரைவிடச் சூடாக. அதை அப்படியே எஞ்சினுக்குள் விட்டால் பெற்றோல் தானாக வெடிக்கத் தொடங்கும். இதைத்தான் நொக்கிங் என்கிறோம். தகரத்தில் சிறுகல் கொட்டுவது போன்ற அந்தச் சத்தம் சில நொடி நீடித்தாலே பிஸ்டன் விளிம்பு உடையக்கூடும்.

நல்ல இன்டர்கூலர் (டர்போ தரும் காற்றைக் குளிராக்கும் கருவி) அந்த 130ஐ 60 பாகை அளவுக்கு இறக்கித் தரும். ஸ்டார்லெட் ஜீடியில் இன்டர்கூலர் எஞ்சினுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். குளிர் நாட்டில் அது சமாளிக்கும். இங்கே பஸ் நிலையத்தடி நெரிசலில் பத்து நிமிடம் நின்றால் எஞ்சின் சூட்டில் அதுவே கொதித்துவிடும். அதனால் முன் பம்பருக்குப் பின்னால், நேரே காற்றுப் படும் இடத்துக்கு மாற்றுங்கள். குழாய்களை அலுமினியத்தில் செய்யலாம். படகுகளுக்கு அலுமினியமும் ஸ்டெயின்லெஸும் ஒட்டிப் பழகிய வெல்டர் கிடைத்தால், கார் கராஜைத் தேடி அலைய வேண்டியதில்லை. குழாயின் நுனியில் சின்ன வரம்பு போடச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் பூஸ்ட் ஏறும்போது சிலிக்கன் ஹோஸ் கழன்றுவிடும்.

இன்டர்கூலர் முன்னால் வந்ததும் ரேடியேட்டருக்குப் போகும் காற்று குறையும். எனவே மொத்தமான அலுமினிய ரேடியேட்டர், நல்ல மின்விசிறி, காற்று பக்கவாட்டில் தப்பாமல் இருக்கத் தகடு, மூன்றும் வேண்டும். வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள். கிணற்றுத் தண்ணீர் அறவே கூடாது, அதிலுள்ள உப்பு அலுமினியத்தை அரிக்கும். கூலன்ட் கலந்த காய்ச்சி வடித்த நீர் மட்டும்.

படி 5: பெற்றோல்

டர்போ எஞ்சின் முழுப் பலத்தில் ஓடும்போது ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 0.27 கிலோ பெற்றோல் குடிக்கும். 200க்கு 54 கிலோ, அதாவது சுமார் 73 லீட்டர். எஞ்சினுக்குள் பெற்றோலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 305 சிசி வரும். இன்ஜெக்டரை 80 வீதத்துக்கு மேல் திறந்து வேலை வாங்கக்கூடாது. 305ஐ 0.8ஆல் வகுத்தால் 380. ஆக, 400 சிசி இன்ஜெக்டர் போடுங்கள். பம்ப் மணிக்கு 255 லீட்டர் வகை தாராளமாகப் போதும். பழைய பம்ப் வயர் மெல்லியது, பற்றரியிலிருந்து ரிலே வழியாகப் புதிய வயர் இழுங்கள்.

பெற்றோல் ஹோஸ் இன்ஜெக்ஷனுக்கென்றே செய்த உயர் அழுத்த வகையாக இருக்க வேண்டும். சாதாரண ஹோஸ் வெடித்தால் பெற்றோல் நேரே சூடான எக்ஸோஸ்ட் மீது விழும். இந்த வேலை செய்யும் நாளில் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், வீட்டுக் குசினி அடுப்பை அணைத்துவிடுங்கள். காருக்கு அடியில் போகும்போது ஜக்கை மட்டும் நம்பாதீர்கள், இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வைத்து, காரை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

இந்தக் காருக்கு ஒக்டேன் 95 மட்டும்தான். 92 அடித்தே ஆக வேண்டிய நிலை வந்தால் பூஸ்ட் ஏறாமல் மெதுவாக ஓட்டி வீடு வந்து சேருங்கள்.

படி 6: மூளையும் கண்களும்

தொழிற்சாலை ஈசியூவுக்கு 400 சிசி இன்ஜெக்டரோ ஒரு பார் பூஸ்டோ தெரியாது. ட்யூன் செய்யக்கூடிய, அதாவது பெற்றோல், தீப்பொறி அளவுகளை மாற்றி எழுதக்கூடிய ஈசியூ வேண்டும். மெகாஸ்குவர்ட் போன்றவை மலிவு, ஹால்டெக், லிங்க் போன்றவை விலை கூடியவை. உங்கள் ட்யூனருக்கு எது பழக்கமோ அதை வாங்குங்கள்.

அப்புறம் வைட்பேண்ட் ஒக்சிஜன் சென்சர். ஒரு பங்கு பெற்றோலுக்கு எத்தனை பங்கு காற்று போகிறது என்று காட்டுவது இதுதான். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். டர்போவிலிருந்து குறைந்தது 60 சென்டிமீட்டர் தள்ளி, குழாயின் மேல் பாதியில், நீர் தேங்காதபடி சாய்த்துப் பூட்டுங்கள். சும்மா ஓடும்போது 14.7 காட்டும். முழு பூஸ்டில் 11.5 அளவில் இருக்க வேண்டும். பூஸ்டில் 13ஐ நோக்கி ஏறினால் அந்தக் கணமே காலை எடுங்கள். பூஸ்ட், ஒயில் அழுத்தம், ஒயில் சூடு ஆகியவற்றுக்கும் மீட்டர் வையுங்கள்.

படி 7: டர்போ பூட்டுதல்

இப்போதுதான் டர்போ. ஜீடியோடு வரும் சிடி9 சின்னது, ஒரு பாருக்கு மேல் காற்றைச் சூடாக்குவதைத் தவிர அதிகம் செய்யாது. 200க்கு மிட்சுபிஷியின் டிடி04 அளவு பொருத்தம். பழையது வாங்கினால் தண்டைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள், அந்த அசைவு விரலுக்குத் தெரியவே கூடாது. பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கலாம், ஆனால் இறகு சுவரைத் தொடக்கூடாது.

புதிதாகக் கட்டுபவர் டர்போ 'போய்விட்டது' என்று கழற்றிக் கொண்டுவரும் பல சந்தர்ப்பங்களில் டர்போவில் பிழை இருப்பதில்லை, ஒயில் திரும்பும் குழாயில்தான் இருக்கும். உள்ளே போகும் ஒயில் அழுத்தத்தோடு போகிறது, வெளியே வருவது வெறும் புவியீர்ப்பில். எனவே திரும்பும் குழாயின் உள்விட்டம் குறைந்தது 16 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், எங்கும் மேல்நோக்கி வளையக்கூடாது, சம்பில் (எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டி) ஒயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். இதில் ஒன்று பிழைத்தாலும் ஒயில் டர்போவுக்குள் தேங்கி, சீலைத் தாண்டி, பின்னால் நீலப் புகையாக வரும். ஒயில் குழாய் மூட்டுகளில் சிலிக்கன் பசை பூசாதீர்கள், பிதுங்கும் துண்டு உடைந்து ஒயில் துளையை அடைக்கும். புதிய செம்பு வொஷர் போதும்.

எக்ஸோஸ்ட் இரண்டரை அங்குலம், 304 ஸ்டெயின்லெஸ். சைலன்சரைக் கழற்றாதீர்கள், பக்கத்து வீட்டில் குழந்தைகள் தூங்க வேண்டும். டர்போவுக்கு அருகில் ஓடும் வயர், பிரேக் குழாய் எல்லாவற்றுக்கும் சூட்டுக் கவசம் போடுங்கள். கிளட்சும் பலமானதாக மாற வேண்டும், இல்லாவிட்டால் நான்காம் கியரில் வழுக்கும்.

பிளக்கை ஒரு படி குளிரானதாக மாற்றி, இடைவெளியை 0.7 மில்லிமீட்டரில் வையுங்கள். என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர் கூடும்.

படி 8: முதல் ஸ்டார்ட்டும் ட்யூனிங்கும்

டர்போவின் ஒயில் துளையில் கொஞ்சம் புதிய ஒயில் விட்டுக் கையால் சுழற்றுங்கள். இன்ஜெக்டரையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, மீட்டரில் ஒயில் அழுத்தம் ஏறும்வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். அதன்பின் ஸ்டார்ட் செய்து, டோர்ச் அடித்து ஒவ்வொரு மூட்டாகக் கசிவு பாருங்கள்.

பூஸ்ட் ட்யூனிங்கை நிலாவெளி வீதியில் செய்ய நினைக்க வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளும் சுற்றுலாப் பயணிகளும் நடக்கும் வீதி அது. கொழும்புப் பக்கம் டைனோ (காரை நின்ற இடத்திலேயே ஓட்டிப் பலத்தை அளக்கும் கருவி) உள்ள கராஜுக்குக் காரை லொறியில் ஏற்றி அனுப்புங்கள். டைனோவில் முதலில் ஆக்சுவேட்டர் (டர்போவின் பூஸ்டை மட்டுப்படுத்தும் பகுதி) ஸ்பிரிங்கின் குறைந்த பூஸ்டில் தொடங்கி, எரிபொருள் சரியான பிறகு மட்டும் படிப்படியாக ஏற்றச் சொல்லுங்கள். ட்யூனரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது: "கார் ஓடுவது திருகோணமலையில்." உள்ளே வரும் காற்று 60 பாகையைத் தாண்டினால் இக்னிஷனைத் தானாகப் பின்னுக்கு இழுத்து (தீப்பொறியைச் சற்றுத் தாமதமாக்கி), பூஸ்டையும் குறைக்கும்படி ஈசியூவில் எழுதச் செய்யுங்கள். அதனால் கச்சான் காலத்து மத்தியானத்தில் பத்துப் பதினைந்து குதிரைத்திறன் குறையும், எஞ்சின் பிழைக்கும். சும்மா ஓடும் நிலையும் சுத்தமாக இருக்க வேண்டும், வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை இருக்கிறது.

வேகமாக ஓடி வந்து நிறுத்தும்போது உடனே அணைக்காதீர்கள். கடைசி ஓரிரு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி, ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணையுங்கள். கடற்கரைப் பக்கம் போய் வந்தால் காரின் அடியிலும் இன்டர்கூலர் தகடுகளிலும் நல்ல தண்ணீர் அடியுங்கள்.

முதல் 500 கிலோமீட்டரில் டர்போ, மேனிஃபோல்ட் நட்டுகளை மறுபடி இறுக்கி, ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். கழற்றிய ஃபில்டரை எறிய வேண்டாம். அறுத்துத் திறந்து, உள்ளிருக்கும் தாளை விரித்து வெயிலில் பாருங்கள். நுண்ணிய சாம்பல் நிறத் தூள் கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. செம்பு நிறத்தில் மின்னும் துகள் கண்ணில் பட்டால் பெயரிங் தேய்கிறது, காரை அன்றே நிறுத்திவிட்டு சம்பைக் கழற்றுங்கள்.