டென்னிஸ் ஆடும் பிள்ளைக்கு அமெரிக்கக் கல்லூரி: ஒன்பதாம் வகுப்பிலிருந்து செய்ய வேண்டியவை

நாள்தோறும் நான்கைந்து மணி நேரத்தை ஆடுகளத்தில் கழித்து, பள்ளி நாட்களில் பெரும்பகுதியைப் போட்டிப் பயணங்களுக்குக் கொடுத்துவிட்ட ஒரு டென்னிஸ் பிள்ளை பதினேழு வயதை எட்டும்போது, படிப்பை ஒதுக்கிவிட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போவதா, மட்டையை வைத்துவிட்டு நுழைவுத்தேர்வுக்கு உட்காருவதா என்ற கேள்வி வீட்டில் எழுகிறது. இரண்டையும் சில ஆண்டுகள் சேர்த்தே நடத்தலாம் என்பதற்கு அமெரிக்கப் பல்கலைக்கழக டென்னிஸ் இடம் தருகிறது. சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி, 2007, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கல்லூரிகளுக்கான தேசிய ஒற்றையர் பட்டத்தை வென்றவர். 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தில் நடந்த டேவிஸ் கோப்பைச் சுற்றில் வெற்றி தேடித் தந்த மதுரைக்காரர் தக்‌ஷிணேஸ்வர் சுரேஷ், வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக அணியில் ஆடியவர். இந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்கள் பிள்ளையின் ஆட்டத்தைக் கவனிக்கும் அளவுக்குச் சான்றிதழ்களையும் காலக்கெடுக்களையும் கவனிப்பதில்லை என்பதால், இக்கட்டுரை பெரும்பாலும் அவற்றைப் பற்றியே பேசுகிறது.

பள்ளிக் கணக்கு ஒன்பதாம் வகுப்பில் தொடங்குகிறது

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மிகப் பெரிய அமைப்பான என்.சி.ஏ.ஏ., தன் மூன்று பிரிவுகளில் உயர்ந்ததான முதல் பிரிவில் ஆட வரும் மாணவர் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான நான்கு ஆண்டுகளில் 16 அடிப்படைப் பாட அலகுகளை முடித்திருக்க வேண்டும் என்றும், அவற்றில் நான்கு புள்ளி அளவுகோலில் 2.3 என்ற சராசரியையாவது பெற்றிருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. நான்கு ஆண்டு ஆங்கிலம், மூன்று ஆண்டு கணிதம், இரண்டு ஆண்டு அறிவியல், இரண்டு ஆண்டு சமூக அறிவியல் ஆகியவை இதன் முதுகெலும்பு. எஞ்சியவற்றை இப்பாடங்களிலிருந்தும் பிற மொழிகளிலிருந்தும் நிரப்பிக்கொள்ளலாம்.

பொதுத்தேர்வு இல்லாத வகுப்பு என்பதால் நம் ஊரில் ஒன்பதாம் வகுப்பை யாரும் பொருட்படுத்துவதில்லை. பதினோராம் வகுப்பில் கணிதம், கணினி அறிவியல் பிரிவை எடுக்கும் பிள்ளைக்கு அதன் பிறகு சமூக அறிவியலே கிடையாது. ஆகவே ஒன்பதிலும் பத்திலும் படித்த சமூக அறிவியல்தான் அந்த இரண்டு அலகுகளையும் நிரப்பியாக வேண்டும். ஒவ்வோர் ஆண்டு இறுதியிலும் பள்ளி முத்திரையும் தலைமையாசிரியர் கையொப்பமும் உள்ள மதிப்பெண் பட்டியலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி மாறிய பின் பழைய பள்ளியில் போய் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணைத் தேடித் தரச் சொல்வது எளிதான வேலையன்று.

பாடங்களை நான்கு ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனைதான் டென்னிஸ் பிள்ளைகளுக்கு அதிகம் ஆபத்தானது. போட்டிகளுக்காக ஓராண்டு பள்ளியை நிறுத்துவதும், தேசியத் திறந்தநிலைப் பள்ளிக்கு மாறிப் பாடங்களை மெதுவாக எழுதித் தீர்ப்பதும் வழக்கமாகிவிட்டன. திறந்தநிலைப் பள்ளியில் படிப்பதில் தவறில்லை. ஆனால் வகுப்புத் தோழர்கள் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் அதே ஆண்டில் அதுவும் முடிய வேண்டும். சி.பி.எஸ்.இ. பள்ளியிலேயே தொடர விரும்பினால், 75 விழுக்காடு வருகைப்பதிவுக்குத் தேசிய, சர்வதேசப் போட்டிகளை முன்னிட்டுத் தளர்வு கேட்க இடமுண்டு. அதற்கு டென்னிஸ் சங்கத்தின் கடிதத்தைப் போட்டிக்கு முன்பே பள்ளியில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்பமும் வாங்கிவிடுவது நல்லது.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு ஓராண்டு சர்வதேசப் போட்டிகளில் ஆடிப் பார்த்துவிட்டுக் கல்லூரிக்குப் போகலாம் என்ற எண்ணத்தையும் முன்கூட்டியே சோதித்துப் பார்க்க வேண்டும். டென்னிஸுக்கு மட்டும் பள்ளி முடிந்தபின் ஆறு மாத அவகாசமே என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவில் நெடுங்காலம் இருந்தது. அதற்குப் பிறகும் போட்டிகளில் ஆடியவர்கள் ஆடும் தகுதியில் ஓராண்டை இழந்தார்கள். கல்லூரிக்கு முன் ஆண்டுக்கு 10,000 டாலர் வரைதான் பரிசுப் பணம் பெறலாம், அதற்கு மேல் பெறுவது உண்மையான செலவுக் கணக்குக்குள் அடங்க வேண்டும் என்ற விதிக்கு எதிராக, வட கரோலினா பல்கலைக்கழக வீராங்கனை ரீஸ் பிராண்ட்மையர் 2024இல் வழக்குத் தொடுத்தார். இவ்விதிகள் வேகமாக மாறிவரும் காலம் இது. ஆகவே பக்கத்துக் களத்துப் பெற்றோர் சொன்னதை நம்பாமல், உங்கள் பிள்ளை சேரப்போகும் ஆண்டுக்குரிய விதியை என்.சி.ஏ.ஏ.யின் தகுதி மையத்திடமே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். விமானச் சீட்டு, விடுதி, பயிற்சியாளர் கட்டணம் ஆகியவற்றின் ரசீதுகளையும் ஆண்டுவாரியாகச் சேர்த்து வையுங்கள்.

பயிற்சியாளரைத் தேடிப் போவது

என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவு டென்னிஸ் பயிற்சியாளர், மாணவர் பத்தாம் வகுப்பை முடித்த ஆண்டின் ஜூன் 15 முதல்தான் அவருக்குத் தனிப்பட்ட முறையில் பதில் எழுதலாம். அதிகாரபூர்வமாக வளாகத்துக்கு அழைப்பது அதே ஆண்டின் ஆகஸ்ட் 1 முதல். அதற்கு முன் மாணவர் எழுதுவதற்குத் தடையில்லை. பதில் வரவில்லையே என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சோர்ந்துபோக வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எங்கே எழுதுவது என்பதற்குப் பல்கலைக்கழகத்தின் பெயரைவிட அணியின் பட்டியலே நல்ல வழிகாட்டி. கல்லூரிப் போட்டியில் முதலில் மூன்று இரட்டையர் ஆட்டங்களுக்குச் சேர்த்து ஒரு புள்ளி, பின்னர் ஆறு ஒற்றையர் ஆட்டங்களுக்கு ஆட்டத்துக்கொரு புள்ளி. நான்கு புள்ளியை முதலில் எட்டும் அணி வெல்கிறது. ஆகவே ஓர் அணியில் உண்மையான இடம் என்பது முதல் ஆறு பேருக்குள் இருப்பதுதான். ஒவ்வோர் அணியின் தளத்திலும் வீரர்களின் பெயர்கள், படிக்கும் ஆண்டு, ஆடும் வரிசை ஆகியவை உண்டு. ஐந்தாம், ஆறாம் இடத்தில் ஆடுபவர்களின் யு.டி.ஆர். என்ற உலகளாவிய ஆட்டத் தர மதிப்பீட்டைப் பாருங்கள், உங்கள் பிள்ளையின் எண் அதற்கு அருகில் இருந்து, பிள்ளை சேரும் ஆண்டில் அங்கே இருவரோ மூவரோ பட்டம் முடித்து வெளியேறுவதாகவும் இருந்தால் அந்த அணி எழுதத் தக்கது. முதல் பிரிவு டென்னிஸ் வீரர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டினர் என்பதால் இந்தியப் பிள்ளையின் கடிதத்தை எந்தப் பயிற்சியாளரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்.

கடிதத்தைப் பிள்ளையே தன் மின்னஞ்சலிலிருந்து எழுத வேண்டும். அப்பா எழுதியதும் முகவர் எழுதியதும் இரண்டாம் வரியிலேயே தெரிந்துவிடும். பள்ளி முடிக்கும் ஆண்டு, யு.டி.ஆர்., ஐ.டி.எஃப். (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) இளையோர் தரவரிசை, பத்தாம் வகுப்பு மதிப்பெண், அடுத்த மூன்று மாதப் போட்டிகள், எடுக்க விரும்பும் பட்டப்படிப்பு ஆகியவை அரைப் பக்கத்துக்குள் அடங்கிவிடும். காணொளி ஐந்து நிமிடம் போதும். களத்தின் பின்புறம் உயரத்தில் வைத்த கேமராவில், இசையில்லாமல், தோற்ற புள்ளிகளையும் வெட்டாமல் இருக்கட்டும். லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் முகவர்கள் செய்து தருவதில் பெரும்பகுதி இவ்வளவுதான். கல்லூரிப் பருவம் ஜனவரி முதல் மே வரை உச்சத்தில் இருக்கும் என்பதால், அப்போது பதில் தாமதமானால் இரண்டு வாரம் கழித்துப் புதிய போட்டி முடிவுடன் மீண்டும் எழுதலாம்.

2024 முதல் கல்லூரி வீரர்கள் தடையின்றி அணி மாறலாம் என்றானதிலிருந்து, பதினெட்டு வயதுப் பிள்ளை இருபத்திரண்டு வயது அனுபவசாலியோடு ஒரே இடத்துக்குப் போட்டியிடுகிறது. கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கில் 2025இல் நீதிமன்றம் ஏற்ற சமரசத்துக்குப் பின், அதில் இணைந்த பல்கலைக்கழகங்களில் டென்னிஸ் அணி பத்துப் பேருக்கு மேல் இருக்க முடியாது. பெரும் பெயர்களுக்கு மட்டும் எழுதிக் காத்திருந்த பிள்ளைகள் இந்த இரண்டு மாற்றங்களாலும் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். இரண்டாம், மூன்றாம் பிரிவு அணிகளில் நல்ல படிப்பும் நல்ல ஆட்டமும் சேர்ந்த இடங்கள் பல உள்ளன. அவற்றைத் தாழ்வாக நினைப்பது நம் உறவினர் வட்டத்தில் மட்டுமே எடுபடும்.

உதவித்தொகையும் சேர்க்கையும்

பயிற்சியாளர் விரும்பினாலே இடம் கிடைத்துவிடாது. சேர்க்கை அலுவலகம் தனி. ஹார்வர்டு, பிரின்ஸ்டன், கொலம்பியா உள்ளிட்ட ஐவி லீகின் எட்டுப் பல்கலைக்கழகங்களிலும், என்.சி.ஏ.ஏ. மூன்றாம் பிரிவிலும் விளையாட்டுக்கென உதவித்தொகை கிடையாது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரப்படும் உதவிதான் உண்டு. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் போன்ற சில இடங்களில் வெளிநாட்டு மாணவர் உதவி கேட்பது சேர்க்கை முடிவைப் பாதிப்பதில்லை. தேவையான தொகை முழுவதையும் அவை தந்துவிடுகின்றன. நடுத்தரக் குடும்பத்துக்கு இது பாதி விளையாட்டு உதவித்தொகையைவிடப் பெரிதாக அமையலாம். என்.சி.ஏ.ஏ. 2023இல் தன் தகுதி விதியிலிருந்து எஸ்.ஏ.டி. என்ற கல்லூரிச் சேர்க்கைப் பொதுத்தேர்வை நீக்கியது, ஆனால் ஹார்வர்டு, டார்ட்மவுத், எம்.ஐ.டி. போன்றவை சேர்க்கைக்கு அத்தகைய தேர்வை மீண்டும் கேட்கின்றன. பதினோராம் வகுப்பில் போட்டிகள் குறைந்த இரண்டு மாதங்களை அதற்கென ஒதுக்குவது அறிவு.

ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் பலரும் கடைசியில் நினைத்துப் பதறும் விஷயம். பாதி நாள் வராத பிள்ளையைப் பற்றி எந்த ஆசிரியரால் ஒரு பக்கம் எழுத முடியும்? பதினோராம் வகுப்பில் இரண்டு பாடங்களையாவது தேர்ந்தெடுத்து, பயணத்திலிருந்து திரும்பியதும் அந்த ஆசிரியர்களை நேரில் பார்த்து விடுபட்ட பாடங்களைக் கேட்டு முடிக்கும் பழக்கம் இருந்தால், கடிதத்தில் எழுத அவர்களுக்குச் செய்தி இருக்கும். சேர்க்கைக் கட்டுரையில் காயத்திலிருந்து மீண்டு வந்த கதையைத் தவிர்க்கலாம்; எல்லா விளையாட்டுப் பிள்ளைகளும் அதையே எழுதுகிறார்கள். தொடர்வண்டியில் எந்தப் புத்தகத்தைப் படித்தான், தோற்ற ஆட்டத்தின் புள்ளிகளை எப்படிக் கணக்கிட்டு ஆராய்ந்தான் என்பவை அவனுக்கே உரியவை.

உதவித்தொகை என்று சொல்லப்படும்போது எத்தனை விழுக்காடு, எத்தனை ஆண்டு, காயமடைந்தால் தொடருமா, பயிற்சியாளர் மாறினால் என்ன ஆகும், மருத்துவக் காப்பீடும் கோடைக்கால வகுப்பும் அதில் அடங்குமா என்று கேளுங்கள். ஒரு கல்லூரியில் சேர மாணவர் கையெழுத்திட்டு உறுதி தரும் தேசிய விருப்பக் கடிதம் என்ற பழைய முறை 2024இல் ஒழிக்கப்பட்டதால், பல்கலைக்கழகம் கையெழுத்திட்டுத் தரும் நிதி ஒப்பந்தமே இப்போது ஆவணம். தொலைபேசியில் சொன்ன வார்த்தைக்கு மதிப்பில்லை. வீரர்கள் இப்போது விளம்பரங்களில் சம்பாதிக்கிறார்களே என்று அதை வரவுக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். எஃப்-1 மாணவர் விசாவில் வேலை செய்யும் உரிமை மிகக் குறுகியது. அத்தகைய வருமானம் விசாவுக்கே இடைஞ்சலாகலாம். பருவ காலத்தில் அணிப் பணிகள் வாரத்துக்கு 20 மணி நேரம் என்று விதியில் உள்ளது. பயண நேரம் அதில் சேராது. பொறியியல் எடுக்கும் பிள்ளை, பிற்பகல் ஆய்வகமும் பயிற்சியும் மோதும்போது எது விட்டுக்கொடுக்கும் என்பதை அந்த அணியில் பொறியியல் படிக்கும் ஒருவரிடமே கேட்டறிய வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் ஊரில் உள்ள வாய்ப்பைக் கைவிட வேண்டியதில்லை. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உள்ளன. சென்னை ஐ.ஐ.டி. 2024-25ஆம் கல்வியாண்டு முதல் ஒவ்வோர் இளநிலைப் பாடத்திலும் விளையாட்டு வீரர்களுக்கு இரண்டு கூடுதல் இடங்களை ஒதுக்கி, அவற்றில் ஒன்றைப் பெண்களுக்கு வைத்துள்ளது, ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இவற்றுக்குக் கேட்கப்படும் சான்றிதழ்கள் பெரும்பாலும் சங்கங்களிடமிருந்து உரிய படிவத்தில் வர வேண்டியவை. ஆகவே மாநில, தேசியப் போட்டி ஒவ்வொன்றும் முடிந்த வாரத்திலேயே, பொறுப்பாளர்கள் மாறுவதற்குள், கையொப்பத்தையும் முத்திரையையும் வாங்கிவிடுங்கள்.