பல்சார் கூட்டத்தை லேப்டாப்பில் உருவாக்குவது எப்படி?

பல்சார் என்பது வேகமாகச் சுழன்றபடி ரேடியோ அலைக் கற்றையை வீசும் நியூட்ரான் விண்மீன். இதுவரை கண்டுபிடித்த பல்சார்கள் மூவாயிரத்துக்கு மேல். பால்வீதியில் மொத்தம் எத்தனை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. பக்கத்தில் இருப்பதும் பளிச்சென்று இருப்பதும்தான் அதிகம் சிக்கும். அதனால் தலைகீழாகப் போவோம். நாமே ஒரு கூட்டத்தை உருவாக்கி, கண்ணில் படாததைக் கழித்து, மிச்சத்தை நிஜப் பட்டியலோடு ஒப்பிடலாம். பைத்தான் நிரல்மொழியும் அதன் எண்கணக்குத் தொகுப்பான நம்பையும் (NumPy) போதும்.

படி 1: பிறப்பு

ஒரு லட்சம் பல்சார்கள். வயது 0 முதல் 10 கோடி ஆண்டுவரை சீராக. பிறக்கும்போது சுழற்சிக்காலம் இயல்புப் பரவலில்: சராசரி 0.3 நொடி, திட்ட விலக்கம் 0.15. எதிர்மறை எண் வந்தால் மறுபடி எடுங்கள். காந்தப்புலத்தின் (காஸ் என்னும் அலகில்) 10-அடிமான மடக்கைக்குச் சராசரி 12.65, விலக்கம் 0.55. சுழற்சிக்காலத்துக்கும் புலத்துக்குமான இந்த எண்கள் 2006இல் வானியலாளர்கள் ஃபோஷே-ஜிகேரும் காஸ்பியும் வெளியிட்டவை.

பிறகு பால்வீதித் தட்டில் தூவிவிடுங்கள். சூரியன் மையத்திலிருந்து சுமார் 8 கிலோபார்செக் (ஒரு கிலோபார்செக் சுமார் 3,260 ஒளியாண்டு).

படி 2: வயதாகட்டும்

இன்றைய சுழற்சிக்காலத்தின் வர்க்கம் = தொடக்கச் சுழற்சிக்காலத்தின் வர்க்கம் + 2 × 9.8 × 10⁻⁴⁰ × புலத்தின் வர்க்கம் × வயது. வயதை நொடியில் போடுங்கள். சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

ஒன்றைப் பின்தொடர்வோம். புலம் 10¹² காஸ், தொடக்கம் 0.3 நொடி, வயது ஒரு கோடி ஆண்டு. இப்போது 0.84 நொடி.

படி 3: உயிர் இருக்கிறதா?

புலத்தைச் சுழற்சிக்கால வர்க்கத்தால் வகுங்கள். 0.17 × 10¹²க்குக் கீழே போனால் ரேடியோ அலை நின்றுவிட்டதாகக் கொள்வோம். நம்முடையது 1.4 × 10¹². பிழைத்தது.

படி 4: நமக்குத் தெரியுமா?

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். மெரினா கலங்கரை விளக்கம் கடலில் போகிறவர்களுக்குத் தெரியவேண்டும் என்றே சுற்றுகிறது. பல்சாரின் கற்றைக்கு அந்த அக்கறை கிடையாது. சுழற்சிக்கால மடக்கையில் 1ஐக் கழித்து வர்க்கமாக்கி, 0.09ஆல் பெருக்கி, 0.03ஐக் கூட்டினால் கற்றை நம்மைத் தொடும் வாய்ப்பு வரும். நம் பல்சாருக்கு வெறும் 13%.

தொட்டாலும் ஒளிர்வு வேண்டுமே! 0.18ஐச் சுழற்சிக்காலத்தின் −1.5 அடுக்காலும், சுழற்சிக்காலம் மாறும் வீதத்தின் (10⁻¹⁵ அலகில்) வர்க்கமூலத்தாலும் பெருக்குங்கள். வீதம் என்பது 9.8 × 10⁻⁴⁰ × புல வர்க்கம் ÷ சுழற்சிக்காலம். நமக்கு வருவது சுமார் 0.25. இதன் மடக்கையில் 0.8 விலக்கமுள்ள சிதறலையும் சேர்க்கவேண்டும். சிதறலை விட்டு, ஒளிர்வைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால், நம்மை எட்டும் ரேடியோ வலிமை 1 கிலோபார்செக்கில் 0.25 மில்லிஜான்ஸ்கி (அதன் அலகு), 2இல் 0.06தான். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியில் பல்சார் தேடிய பல்கற்றை ஆய்வின் வரம்பு சுமார் 0.2; அதற்குக் கீழே சிக்காது. தூரம் இரட்டித்ததுமே ஆள் காணாமல் போய்விடுகிறார்!

படி 5: ஒப்பீடு

அதே ஆய்வில் கிடைத்தவற்றை ஏடிஎன்எஃப் (ATNF) என்னும் ஆஸ்திரேலிய அமைப்பின் பல்சார் பட்டியலிலிருந்து இலவசமாக இறக்கலாம். சுழற்சிக்காலம் 30 மில்லிநொடிக்குக் குறைந்தவற்றை நீக்கிவிடுங்கள். அவற்றில் பெரும்பாலானவை துணை விண்மீனிடம் பொருள் வாங்கி மறுபடி வேகம் பிடித்தவை, நம் சமன்பாட்டுக்கு அடங்காது. அப்புறம் இரண்டு கூட்டத்தின் சுழற்சிக்கால வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள். பொருந்தவில்லையா? பிறப்பு எண்களைத் தொடாமல் முதலில் ஒளிர்வு விதியை மாற்றிப் பாருங்கள்.