பீட் புகையும் ரெட் ஒயின் பீப்பாயும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், கின்டயர் தீபகற்பத்தின் கடைக்கோடியில் இருக்கும் சிறிய ஊர் கேம்பல்டவுன். அங்குள்ள ஸ்பிரிங்பேங்க் வடிசாலையில் ‘லாங்ரோ’ என்றொரு சிங்கிள் மால்ட் விஸ்கி, அதாவது ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும் செய்யும் விஸ்கி, தயாராகிறது. முளைகட்டிய பார்லியை 48 மணி நேரம் பீட் புகையில் காயவைத்து, அரைத்து, புளிக்கவைத்து, இரண்டு முறை வடிக்கிறார்கள். பீட் என்பது சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கிப் படிந்த செடிகொடி. வெட்டிக் காயவைத்தால் விறகுபோல் எரியும். இந்தப் புகை விஸ்கியில் ஒரு பகுதியை ஒயின் இருந்த பீப்பாய்க்கு மாற்றி, கொஞ்ச காலம் ஊறவிட்டு, 2012 முதல் ‘லாங்ரோ ரெட்’ என்று விற்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வகை இது. அதனாலேயே, ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்து ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. முக்கால்வாசி பேர் செய்வது ஒரே தவறுதான். ஒயின் என்ற சொல்லைப் பார்த்ததும் இதை ஒயினாகவே நினைத்துவிடுகிறார்கள்.

விஸ்கியில் யாரும் ஒயினைக் கலப்பதில்லை. கலக்கவும் முடியாது. 2009-ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி விதிமுறைகள்படி, தண்ணீரும் நிறத்துக்கான சாதாரண கேரமலும் தவிர வேறு எதையும் சேர்க்கக் கூடாது. சுவை வருவது மரத்திலிருந்து. ஒயின் காலியான பிறகும் ஓக் பலகைகளுக்குள் அது ஊறிக் கிடக்கும். ஊறுகாய் ஜாடியை எத்தனை முறை கழுவினாலும் வாசனை போகாதே, அதுபோல. அந்த மரத்திலிருந்து விஸ்கி நிறத்தையும் பழ வாசனையையும் துவர்ப்பையும் இழுத்துக்கொள்கிறது.

‘ஒயின் பீப்பாய்’ என்று லேபிளில் பார்த்ததும் எல்லாம் ஒன்றுதான் என்று எண்ணிவிடக் கூடாது. ‘ஃபினிஷ்’ என்று போட்டிருந்தால், பல ஆண்டுகள் வேறு பீப்பாயில், பெரும்பாலும் அமெரிக்க விஸ்கியான பர்பன் இருந்த பீப்பாயில் இருந்துவிட்டு, கடைசிக் கட்டத்தில் மட்டும் ஒயின் பீப்பாய்க்குப் போனது என்று அர்த்தம். ஸ்காட்லாந்தின் ஐலா தீவிலுள்ள கில்ஹோமன் வடிசாலை 2017-இல் வெளியிட்டது வேறு ரகம். அது தொடக்கம் முதல் போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கு ரெட் ஒயின் பீப்பாய்களிலேயே முதிர்ந்தது. முதல் வகையில் ஒயின் விருந்தாளி, இரண்டாவதில் வீட்டு ஆள். லாங்ரோ ரெட்டிலும் ஒரு ஆண்டு கேபர்னே சாவினியோன், இன்னொரு ஆண்டு பினோ நுவார், அப்புறம் மால்பெக் என்று வெவ்வேறு திராட்சை வகை ஒயின்களின் பீப்பாய் மாறிக்கொண்டே இருக்கும். போன தடவை குடித்த ருசியை எதிர்பார்த்து அடுத்த ஆண்டு பாட்டிலை வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அடுத்தது, பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) எண்ணைப் பார்த்து மயங்குவது. ஐலாவின் புரூக்லாடி வடிசாலை வெளியிட்ட ஆக்டமோர் 8.3-க்கு 309 பிபிஎம் என்று போட்டிருந்தார்கள். அது முளைகட்டிய பார்லியில் இருக்கும் பீனாலின், அதாவது புகை வாசனை தரும் பொருளின் அளவு; கிளாஸிலுள்ள விஸ்கியில் இருக்கும் அளவு அல்ல. ஊறவைத்து, புளிக்கவைத்து, வடித்து எடுப்பதற்குள் அதில் பெரும் பங்கு போய்விடும். பீப்பாயில் ஆண்டுகள் கூடக்கூடப் புகை இன்னும் மெலியும். எண்ணை வைத்துப் புகையை அளக்காதீர்கள். மூக்கு சொல்வதைக் கேளுங்கள்.

மூக்கு என்றதும் நினைவுக்கு வருவது, கிளாஸைச் சுழற்றும் பழக்கம். ஒயினைச் சுழற்றுவதுபோல் வேகமாகச் சுழற்றி மூக்கை உள்ளே விட்டால், ஐம்பது சதவீத ஆல்கஹால்தான் முகத்தில் அடிக்கும். அதன்பிறகு கொஞ்ச நேரத்துக்கு எந்த வாசனையும் பிடிபடாது. குறுகின வாயுள்ள கிளாஸில் ஊற்றி, பத்து நிமிடம் அப்படியே விட்டு, வாயை லேசாகத் திறந்தபடி தூரத்திலிருந்து முகர்ந்து பாருங்கள்.

இப்போது தண்ணீருக்கு வருவோம். இங்குதான் நல்ல பாட்டில்கள் வீணாகின்றன. ஒரு மாலை, இரண்டு கிளாஸில் 30 மில்லி வீதம் லாங்ரோ ரெட் ஊற்றினேன். ஒன்றில் இரண்டு ஐஸ் கட்டி, மற்றதில் ஒரு டீஸ்பூன் தண்ணீர். ஐஸ் போட்டதில் முதலில் செர்ரி வாசனை அடங்கியது. பிறகு புகையும் தட்டையானது. மிஞ்சியது துவர்ப்பு மட்டும். நாவல்பழம் தின்றதுபோல் நாக்கை இழுத்துப் பிடித்தது. குளிர்ச்சி வாசனையை அமுக்கும், துவர்ப்பைத் தூக்கிக் காட்டும். ரெட் ஒயினை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குடித்தவர்களுக்கு இது தெரியும். தண்ணீர் விட்ட கிளாஸில் நேர் எதிர். விறகடுப்புப் புகை மேலே வந்தது, பின்னாலேயே உலர்ந்த பழங்களின் இனிப்பு.

இதற்குக் காரணம் உண்டு. புகை வாசனைக்குப் பொறுப்பான மூலக்கூறுகளில் ஒன்று குவையகால். 2017-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் கணினியில் பாவனை செய்து பார்த்தபோது, ஆல்கஹால் 45 சதவீதம் வரை இருக்கையில் குவையகால் திரவத்தின் மேற்பரப்பில் கூடி நிற்பதும், 59 சதவீதத்துக்கு மேல் போனால் உள்ளே அமுங்கிவிடுவதும் தெரிந்தது. 53 சதவீத விஸ்கி 30 மில்லிக்கு 5 மில்லி தண்ணீர் விட்டால் கிட்டத்தட்ட 45-க்கு வந்துவிடும். கணக்கு அவ்வளவுதான். சொட்டுச் சொட்டாக விட்டு, நடுநடுவே முகர்ந்து, பிடித்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

தண்ணீர் விட்டதும் சில விஸ்கி லேசாகக் கலங்கும். கலப்படம் என்று பயப்பட வேண்டாம். குளிரவைத்து வடிகட்டாத விஸ்கியில் கொழுப்பு அமிலங்களும் எஸ்டர்கள் என்ற வாசனைச் சேர்மங்களும் அப்படியே இருக்கும். ஆல்கஹால் 46 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது அவை மங்கலாகத் தெரியும். சுவைக்கு ஒரு குறையும் இல்லை.

அணைந்த தீக்குச்சி, எரிந்த ரப்பர் போன்ற வாடை வந்தால் அதைப் ‘பீட்’ என்று பாராட்டிவிடவும் கூடாது. காலி ஒயின் பீப்பாயில் பூஞ்சை பிடிக்காமலிருக்க உள்ளே கந்தகம் எரிப்பது பழைய வழக்கம். அதன் மிச்சம் சில நேரம் விஸ்கிக்குள் வந்துவிடும். பீட் புகை வேறு: சாம்பல், டிஞ்சர் அயோடின், கடற்கரை, கருவாடு என்றுதான் போகும். பத்து நிமிடக் காற்றில் கந்தக வாடை குறைந்தால் சரி. குறையாவிட்டால் அந்தப் பீப்பாயின் குறை அது, உங்கள் நாக்கின் குறை அல்ல.

காரமான சிக்கன் வறுவலோடு இதைக் குடிக்காதீர்கள். ஆல்கஹாலும் துவர்ப்பும் சேர்ந்து காரத்தை ஏற்றிவிடும், பழச்சுவை காணாமல் போகும். டார்க் சாக்லேட், உப்பு போட்ட பாதாம், முதிர்ந்த சீஸ் இவை பொருந்தும். ஒரே மாலையில் வேறு விஸ்கியும் உண்டென்றால் புகை விஸ்கி கடைசியாக வரட்டும்.

பாட்டிலை ஒயின்போல் படுக்க வைப்பதும் தவறு. இவ்வளவு ஆல்கஹால் தொடர்ந்து பட்டால் கார்க் அரித்து உதிர்ந்துவிடும். நிமிர்த்தி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். பாட்டிலுக்குள் விஸ்கி முதிராது. பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் காற்று பட்டுப் புகை மெல்ல மங்கும், அதனால் மிச்சத்தைச் சிறிய பாட்டிலுக்கு மாற்றிக்கொள்வேன்.

குடித்து முடித்ததும் கிளாஸை உடனே கழுவிவிடாதீர்கள். இரவு முழுக்க மேசையில் இருக்கட்டும். காலையில் முகர்ந்தால் செர்ரியும் ஒயினும் போயிருக்கும். அடியில், முந்தின நாள் எரிந்த அடுப்பின் சாம்பல் வாசனை மட்டும் உலர்ந்து ஒட்டியிருக்கும்.